எத்தனை மீன், எந்த மீன்

சுங்கை சிப்புட் இரவுச் சந்தையில் கச்சாங் பூத்தே தள்ளுவண்டிக்கும் அப்பம் பாலிக் அடுப்புக்கும் நடுவில் இப்போது ஒரு சுஷிக் கடையும் வந்துவிட்டது. சோற்று உருண்டையின்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மெல்லிய மீன் துண்டு இருக்கும். நான் உயிரியல் கற்பிக்கும் இடைநிலைப்பள்ளியின் மாணவர்கள் பலருக்கு அதுதான் வார இறுதித் தின்பண்டம். "டீச்சர், இது எந்தக் கடல் மீன்?" என்று நான்காம் படிவ மாணவி ஒருத்தி கேட்டபோது, இங்கே விற்பது பெரும்பாலும் நார்வே போன்ற நாடுகளின் கடற்கூண்டுகளில் வளர்த்த அட்லாண்டிக் சால்மன் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். ஆறு ஏறி முட்டையிடும் காட்டு சால்மனின் கதை வேறு. அதை மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ராபின் வேப்பிள்ஸ் என்ற அமெரிக்க மரபியலாளரின் ஆய்வுகளைச் சில காலமாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். சியாட்டிலில் உள்ள அரசாங்க மீன்வள ஆய்வு மையத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர் அவர். பசிபிக் சால்மனின் ஆற்று வாழ்வு, அதன் மரபணுக்கள், அதைக் காப்பாற்றும் சட்டம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று உரசும் இடத்தில்தான் அவருடைய வேலை முழுவதும் நடந்தது. மீன் குறைந்துபோனால் எத்தனை மீன் மிச்சமிருக்கிறது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். வேப்பிள்ஸின் வேலையோ அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியிலிருந்து தொடங்குகிறது: எண்ணப்படுவது எந்த மீன்?

இந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பதற்கு சால்மனின் வாழ்க்கையே காரணம். நன்னீரில் பொரிந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் தான் பிறந்த ஓடைக்கே அது திரும்புகிறது. அந்த ஓடையின் மணம் குஞ்சுப் பருவத்திலேயே மீனின் நினைவில் பதிந்துவிடுகிறது என்ற கருத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லர் 1951-இல் ஆய்வுச் சான்றோடு முன்வைத்தார். பின்னர் 1970-களில் அவருடைய குழு கோஹோ சால்மன் குஞ்சுகளை மார்ஃபோலின் என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் வளர்த்து மிச்சிகன் ஏரியில் விட்டது. முதிர்ந்த மீன்கள் மார்ஃபோலின் சொட்டுச் சொட்டாக விடப்பட்ட ஓடையைத் தேடி வந்து சேர்ந்தன. இதில் வியப்பைவிட விளைவுதான் பெரிது. ஒவ்வொரு மீனும் தன் ஓடைக்கே திரும்புமானால் பக்கத்து ஓடை மீனோடு அது அதிகம் கலப்பதில்லை. பல நூறு தலைமுறைகளில் ஒவ்வோர் ஓடையின் கூட்டமும் அந்த ஓடையின் குளிருக்கும் ஆழத்துக்கும் வெள்ளத்துக்கும் ஏற்ப மாறிவிடுகிறது. ஆகவே ஓர் ஓடையில் அழிந்த கூட்டத்தின் இடத்தை வேறோர் ஓடையின் மீனைக் கொண்டுவந்து நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் பலிப்பதில்லை.

சட்டத்துக்கு இது தலைவலி. அமெரிக்காவின் 1973-ஆம் ஆண்டு அழியும் உயிரினங்கள் சட்டம், 1978 திருத்தத்துக்குப் பிறகு, முதுகெலும்புள்ள ஓர் உயிரினத்தின் 'தனித்த கூட்டத்தை'யும் தனி இனமாகக் கருதிக் காப்பாற்ற இடம் தருகிறது. ஆனால் தனித்தது என்பதற்கு அளவுகோல் எது என்று அது சொல்லவில்லை. 1990 ஏப்ரலில் ஷோஷோனி-பானக் பழங்குடியினர், ஐடஹோ மாநிலத்தின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு வரும் சாக்கை சால்மனைப் பட்டியலில் சேர்க்குமாறு மனு கொடுத்தபோது இந்த ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஏரி கடலிலிருந்து ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர் தூரத்தில், 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளில் எட்டு பெரிய அணைகளைத் தாண்டினால்தான் மீன் அங்கே போய்ச் சேரும். மனு கொடுத்த ஆண்டில் ஒரு மீன்கூட வந்து சேரவில்லை.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. அதே ஏரியில் கோகனி என்ற மீனும் வாழ்கிறது. அதுவும் சாக்கை இனமே, ஆனால் கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழ்ந்து முடிவது. மேலும், ஏரிக்குக் கீழே சன்பீம் என்ற அணை 1910-இலிருந்து 1934 வரை ஆற்றை மறித்து நின்றது. பழைய சாக்கைக் கூட்டம் அப்போதே அழிந்திருக்கலாம், இப்போது எப்போதாவது கடலிலிருந்து வருவது வழிதவறிப் போய்த் திரும்பிய கோகனியாக இருக்கலாம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அந்த வாதம் வென்றிருந்தால் காப்பாற்ற ஒன்றுமே மிச்சமில்லை என்றாகியிருக்கும், ஏனெனில் ஏரியில் கோகனிக்குப் பஞ்சமில்லை. வேப்பிள்ஸும் அவருடைய சகாக்களும் கைக்குக் கிடைத்த சான்றுகளை அலசினார்கள். ஐயம் முழுதும் தீரவில்லை. தீராத ஐயத்தின் பலனை மீனுக்கே கொடுப்பது என்று முடிவாகி, 1991 நவம்பரில் அது பட்டியலில் ஏறியது. பின்னாளில் நடந்த மரபணு ஆய்வுகள் இரண்டும் வேறு வேறு என்றே காட்டின: கோகனி ஓடைக்குள் ஏறிக் கோடைக் கடைசியில் முட்டையிடுகிறது, சாக்கை ஏரிக்கரைச் சரளையில் அக்டோபரில் முட்டையிடுகிறது. அறிவியலில் முடிவு தெரியும்வரை காத்திருப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஆண்டுக்கு நான்கு மீன் வரும் இடத்தில் காத்திருப்பது அழித்துவிடத் தீர்மானிப்பதற்குச் சமம் என்று எனக்குப் படுகிறது.

நான்கு என்று மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1991-இல் ஏரிக்குத் திரும்பியவை நான்கு. 1992-இல் ஒரே ஒரு ஆண் மீன் வந்தது. அதற்கு 'தனியன் லேரி' என்று பெயர் வைத்தார்கள். 1998 வரை மொத்தம் பதினாறு மீன்கள்தாம் வந்தன. அத்தனையையும் பிடித்து, வளர்ப்புத் தொட்டிகளில் அடுத்த தலைமுறையை உருவாக்கினார்கள். ஓரிடத்தில் நோயோ மின்தடையோ வந்தால் எல்லாம் போய்விடக் கூடாது என்பதற்காக இரண்டு மாநிலங்களில் பிரித்து வளர்த்தார்கள். லேரியின் விந்தணுவை உறையவைத்துப் பின் ஆண்டுகளில் பயன்படுத்தினார்கள். எந்தப் பெண்ணோடு எந்த ஆணைச் சேர்ப்பது என்பதை உறவுமுறை பார்த்து முடிவு செய்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கல்யாணம் பேசும்போது பார்ப்பதைவிடக் கறாராகவே பார்த்திருக்கிறார்கள். வேப்பிள்ஸும் பங்கேற்று 2012-இல் வெளிவந்த ஆய்வு, தொடக்க மீன்களிடம் இருந்த மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு அந்தத் தொட்டிகளில் காப்பாற்றப்பட்டிருப்பதாகக் கணக்கிட்டது.

இந்தச் சிக்கலுக்கு நடுவில், 1991-இல், வேப்பிள்ஸ் முன்வைத்ததுதான் 'பரிணாம முக்கியத்துவமுள்ள அலகு' என்ற அளவுகோல். ஒரு கூட்டம் சட்டத்தின் கண்ணில் தனி இனமாக வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும்: பிற கூட்டங்களோடு பெரிதும் கலக்காமல் தனித்து இனப்பெருக்கம் செய்ய வேண்டும், அந்த இனத்தின் பரிணாமப் பாரம்பரியத்தில் அது ஒரு முக்கியப் பங்காக இருக்க வேண்டும். முதல் நிபந்தனையை மரபணுவை வைத்து ஓரளவு அளந்துவிடலாம். இரண்டாவதற்கு அந்த மீன் எங்கே முட்டையிடுகிறது, எப்போது ஆறு ஏறுகிறது, எவ்வளவு தூரம் போகிறது, எந்தச் சூட்டைத் தாங்குகிறது என்ற வாழ்க்கைக் குறிப்புகள் எல்லாம் தேவைப்படுகின்றன. மரபணு மட்டும் போதாது என்று ஒரு மரபியலாளரே எழுதிவைத்தது எனக்குப் பிடித்த விஷயம். இன்று அமெரிக்க மேற்குக் கரையில் சால்மனும் அதன் உறவான ஸ்டீல்ஹெட்டும் சேர்ந்து 28 அலகுகளாக இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.

தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு இந்த விஷயம் புரிவதற்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. என் அப்பா கித்தா (இரப்பர்) நாற்றங்காலில் ஒட்டுக் கட்டியவர். கன்றின் அடித்தண்டில் ஒட்டிய மண்ணைத் துணியால் துடைத்துவிட்டு, கத்தி நுனியால் பட்டையில் கோடு கிழிப்பார். பால் கசிந்து நிற்கும்வரை அடுத்த கன்றுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, பட்டையை நாக்குப்போல் உரித்து, மொட்டோடு சீவிய துண்டை அதற்குள் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுவார். மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்து நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார். பச்சை தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது, பழுப்பாக இருந்தால் போயிற்று. அப்படி அவர் கட்டியவற்றில் பெரும்பாலானவை ஆர்ஆர்ஐஎம் 600 என்ற கித்தா வகை. ஜாவாவின் ஜிர் 1 என்ற மரத்துக்கும், இன்று புத்ராஜெயா நிற்கும் இடத்தில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தின் பிபி 86 என்ற மரத்துக்கும் பிறந்த ஒரே ஒரு மரத்தின் நகல்கள் அவை. ஒரு மலைச்சரிவு முழுக்க ஆயிரக்கணக்கில் மரம் நிற்கும். மரபணுவின் கணக்கில் அது ஒற்றை மரம்.

அதற்கும் மேலே போனால் நிலைமை இன்னும் குறுகுகிறது. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 கித்தா விதைகளில் லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றில் ஒன்பது எங்கள் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று என்று சொல்லப்படும் முதிய மரம் இன்னும் அங்கே வேலி போட்டு நிற்கிறது. தென்கிழக்காசியக் கித்தாவின் அடித்தளம் இத்தனை ஒடுக்கமானது என்று அஞ்சித்தான், 1981-இல் அனைத்துலக ஆய்வுக் குழு ஒன்று மறுபடியும் அமேசானுக்குப் போய் 60,000-க்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டிவந்தது. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கே வந்துவிட்டால் ஒரே குடும்பத்து மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும் என்பது அந்த அச்சத்தின் சாரம். எண்ணிக்கையில் கோடிக்கணக்கான மரங்கள் இருந்தும் அந்த அச்சம் நியாயமானதே.

சால்மன் உலகில் இதே ஆபத்து, குஞ்சு பொரிப்பகம் என்ற நல்லெண்ணத்தின் வழியாக வருகிறது. ஆற்றில் மீன் குறைந்தால் சில மீன்களைப் பிடித்து, முட்டை எடுத்து, தொட்டியில் பொரிக்கவைத்து, இலட்சக்கணக்கில் குஞ்சு விடுவது அமெரிக்காவில் நூறாண்டுக்கும் மேலான வழக்கம். ஆற்றுக்கு விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கை அறிக்கையில் அழகாகத் தெரியும். ஆனால் அந்தக் குஞ்சுகள் எல்லாம் ஒரு சில தாய் தந்தையரின் பிள்ளைகள். தலை எண்ணிக்கை ஏறும்போதே மரபணுக் கணக்கில் பங்கேற்கும் பெற்றோரின் எண்ணிக்கை, அதாவது பயனுறு எண்ணிக்கை, இறங்கிவிடலாம் என்று ரைமன், லைக்ரே என்ற இரு ஸ்வீடிய ஆய்வாளர்கள் 1991-இல் காட்டினார்கள். அந்தப் பயனுறு எண்ணிக்கையை மரபணு மாதிரிகளிலிருந்து எப்படி மதிப்பிடுவது என்பதே வேப்பிள்ஸ் பல ஆண்டுகள் உழைத்த இன்னொரு துறை.

தொட்டியில் வளர்ந்த மீன் ஆற்றில் எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்விக்கு ஆரிகன் மாநிலத்தின் ஹுட் ஆறு பதில் தந்தது. அங்கே அணையைத் தாண்டிய ஒவ்வொரு ஸ்டீல்ஹெட்டிடமிருந்தும் சிறு மாதிரி எடுத்து, யாருக்கு யார் பிள்ளை என்று வம்சாவளி வரைந்தார்கள். தொட்டியில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், காட்டாற்றில் இனப்பெருக்கம் செய்யும் திறன் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவதாக 2007-இல் அராக்கி குழுவினர் அறிவித்தார்கள். 2016-இல் அதே ஆற்று மீன்களை ஆராய்ந்தபோது, ஒரே ஒரு தலைமுறைத் தொட்டி வாழ்வுக்குப் பிறகு பிறந்த குஞ்சுகளில் 723 மரபணுக்களின் செயல்பாடு காட்டு மீனிலிருந்து வேறுபட்டிருந்தது. அவற்றில் பல புண் ஆறுவதோடும் நோயெதிர்ப்போடும் தொடர்புடையவை. நெரிசலான தொட்டியில் பக்கத்து மீன் கடித்த புண்ணோடு பிழைப்பதற்கு அவை உதவலாம். ஆற்றில் அந்தத் திறமைக்கு என்ன மதிப்பு?

பொரிப்பகமே கூடாது என்று இதை வைத்து வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ரெட்ஃபிஷ் ஏரியில் தொட்டி இல்லாவிட்டால் இன்று அந்த மீனே இருக்காது. அது தீவிர சிகிச்சைப் பிரிவுபோல, சாகாமல் வைத்திருப்பதற்கான இடம். அணையை அப்படியே வைத்துக்கொண்டு ஆண்டுக்காண்டு குஞ்சு விட்டுக் கணக்குக் காட்டுவது வேறு காரியம்.

வேறுபாடு காக்கப்பட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவைப் பார்க்கலாம். அங்கே சாக்கை சால்மன் பல நூறு கூட்டங்களாக வாழ்கிறது. ஏரிக்கரையில் முட்டையிடும் ஆண் மீன் முதுகு உயர்ந்து தட்டையாக இருக்கும். கரடி காத்திருக்கும் கணுக்கால் ஆழ ஓடையில் முட்டையிடும் ஆணுக்கு அந்த உயர்ந்த முதுகு வினையாகிவிடும் என்பதால் அது ஒல்லியாக இருக்கும். குளிரான ஆண்டில் ஒரு கூட்டம் செழிக்கும், வறண்ட ஆண்டில் இன்னொன்று. 2010-இல் ஷிண்ட்லர் குழுவினர் கணக்கிட்டபடி, இவை அனைத்தும் ஒரே மாதிரியான ஒற்றைக் கூட்டமாக இருந்திருந்தால் ஆண்டுக்காண்டு வரத்தின் ஏற்ற இறக்கம் இரு மடங்குக்கு மேலாகியிருக்கும், மீன்பிடிப்பை மூட வேண்டிய ஆண்டுகள் பத்து மடங்காகியிருக்கும். கித்தா விலை விழுந்தபோது ஆடு மாடு வைத்திருந்த தோட்டத்துக் குடும்பம் எப்படித் தப்பித்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கித்தாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சியாட்டில் பகுதி ஓடைகளில் முட்டையிட வந்த கோஹோ சால்மன்கள் மழை பெய்த சில மணி நேரத்தில் வாய் திறந்து சுழன்று சாவது பல ஆண்டுகள் புதிராக இருந்தது. சில ஓடைகளில் வந்தவற்றில் 40 முதல் 90 விழுக்காடுவரை முட்டையிடும் முன்பே செத்தன. 2020 டிசம்பரில் விடை வெளியானது. டயர் இரப்பரை ஓசோன் தின்று வெடிப்பு விழாமல் இருக்க 6பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோனாக மாறி, சாலையில் தேய்ந்த தூளோடு மழைநீரில் ஓடைக்குள் போகிறது. நம் மரத்துப் பாலில் அந்த நஞ்சு இல்லை, ஆனால் நம் மரத்துப் பால் டயராகி ஓடுவதற்காகச் சேர்க்கப்படுவது அது. அதே ஓடையில், அதே நீரில், சம் என்ற இன்னொரு வகை சால்மன் ஒன்றும் ஆகாமல் நீந்துகிறது. 'சால்மனுக்கு இந்த நீர் பாதுகாப்பானதா?' என்று பொதுவாகக் கேட்டிருந்தால், எந்த மீனைத் தொட்டியில் விட்டுப் பார்த்தார்களோ அதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறியிருக்கும்.

வேப்பிள்ஸின் அளவுகோலுக்கே சோதனை வந்தது 2017-இல். சினூக் சால்மனில் வசந்தத்தில் ஆறு ஏறுவது, இலையுதிர் காலத்தில் ஏறுவது என இருவகை உண்டு. வசந்த மீன் கொழுத்த உடம்போடு வந்து, மேலாற்றின் குளிர்ந்த மடுக்களில் கோடை முழுக்கப் பட்டினியாய்க் கிடந்து, பிறகு முட்டையிடும். பழங்குடியினருக்கு ஆண்டின் முதல் மீன் அதுதான், சுவையும் அதற்கே அதிகம். இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் கிரெப்1எல் என்ற மரபணுவை ஒட்டிய ஒரு சிறு பகுதிதான் என்று அந்த ஆண்டு கண்டறியப்பட்டது. மற்றபடி ஒரே ஆற்றின் இரு வகையும் கடலோரப் பகுதிகளில் நெருங்கிய உறவினர். அப்படியானால் அந்த ஒரு மரபணுவை வைத்தே வசந்த மீனைத் தனி அலகாக்கலாமே என்று கோரிக்கை எழுந்தது. ஒரு மரபணுவை வைத்து அலகு பிரிக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இருக்காது, ஒரு கூட்டத்துக்குள்ளேயே அண்ணன் ஓர் அலகாகவும் தம்பி இன்னோர் அலகாகவும் ஆகிவிடுவார்கள் என்று வேப்பிள்ஸ் எச்சரித்தார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த மரபணு வடிவம் ஓர் ஆற்றில் முழுக்க அழிந்துவிட்டால், நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்குள் அது மறுபடி தோன்றாது என்பதும் உண்மை. ஆரிகனின் ரோக் ஆற்றில் 1977-இல் அணை கட்டிய பிறகு வசந்த வகை சில பத்தாண்டுகளில் சரிந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் கருக் பழங்குடியினரின் மனுவை ஏற்று 2021-இல் கிளமத் ஆற்றின் வசந்த சினூக்கைத் தன் சட்டப் பட்டியலில் சேர்த்தது. அறிவியல் வரையறையைக் குலைக்காமல் மீனையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் இந்த வழியே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. கிளமத்தை மறித்து நின்ற நான்கு அணைகள் 2024-க்குள் இடிக்கப்பட்டன. அந்த அக்டோபரிலேயே இலையுதிர் சினூக் நூறாண்டுக்குப் பின் பழைய அணைகளுக்கு மேலே ஏறி ஆரிகன் எல்லைக்குள் நுழைந்தது. திறந்துவிட்ட மேலாற்றுக் குளிர் மடுக்கள் முக்கியமாக வசந்த மீனுக்கானவை. அதற்குரிய மரபணு வடிவம் கீழாற்றில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்ததே மீதி.

எங்கள் பக்கம் சால்மன் இல்லை, கெலா மீன் உண்டு. பிளஸ் ஆற்றின் தலைப்பகுதியில் வாழும் தெமியார் மக்களும், லாசா பக்கம் தூண்டில் போடப் போகும் நம்மவர்களும் அதை மரியாதையோடு பேசுவார்கள். பிளஸ் போய்ச் சேரும் பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று நான்கு அணைகள். அவற்றில் செண்டரோ 1930-இலிருந்தே நிற்கிறது. கெலா குறைந்துவிட்டது என்று கவலைப்பட்டு, தூண்டில் குழுவினர் சிலர் குஞ்சு வாங்கி ஆற்றில் விட்டார்கள். எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் அதன் படங்களைப் பெருமையோடு காட்டினார். ஆக்சிஜன் அடைத்த பைகள், பையின்மேல் எண்ணிக்கையும் சென்டிமீட்டர் அளவும் எழுதிய துண்டுச்சீட்டு.

"அண்ணே, தாய் மீன் எந்த ஆத்து மீன்?" என்று கேட்டேன்.

"கெலா கெலாதானே தங்கச்சி," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. அவரும் வேறொருவரிடம் வாங்கியவர்.

கெலாவும் சால்மன்போல் பிறந்த ஓடைக்கே திரும்புகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்த ஆற்றில் எந்த மீன் இருந்தது என்ற பதிவு இல்லாமல் கலந்துவிட்டால், பிறகு எந்த ஆய்வாளர் வந்தாலும் பிரித்தெடுக்க முடியாது. அதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. தூண்டிலில் பிடித்த மீனின் வால் துடுப்பில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு துண்டைக் கத்தரித்து, 95 விழுக்காடு எத்தனாலில் போட்டு, ஆற்றின் பெயர், இடம், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளேயே போட்டு மூடிவைத்தால், பல ஆண்டு கழித்தும் அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும், ஆகவே பென்சில்தான் வேண்டும். துடுப்பு திரும்ப வளர்ந்துவிடும், மீனை ஆற்றிலேயே விட்டுவிடலாம். அண்ணன் மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹால் போதுமா என்று கேட்டார். அது நீர் கலந்தது, நெடுங்காலம் வைத்திருக்க உகந்ததல்ல என்று சொல்லி, இரசாயனப் பொருள் விற்கும் கடையில் எதைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். திருகுமூடிக் குப்பிகளை ஈப்போவில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.